உரோமர் தம்மையும் பிறரையும் நோக்கிய விதம்



"உரோமர் என்போர் யாவர்?" என்று கேட்டால் உங்களில் பலர் "உரோம் நகரில் வாழ்ந்த மக்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவீர்கள். வேறு சிலர், "உரோமர் ஓர் இனத்தவர். அவர்கள் பிற இனத்தவரைக் காட்டுமிராண்டிகள் என அழைத்தனர்" என்று எழுதுவீர்கள். இவ்விரு விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழுமையான விடைகள் ஆகமாட்டா.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் உரோமப் பேரரசனாக இருந்த செப்டிமியஸ் செவரஸ், இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மக்னா என்னும் நகரில் பிறந்தவர். அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்சி செய்த ட்ராஜன் ஸ்பெயினிலுள்ள இத்தாலிக்காவில் பிறந்தவர். கி.பி. 248இல் உரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடிய பேரரசன் பிலிப், 'அராபியன்' என்ற பெயரால் அறியப்பட்டவர். இவர்கள் எவரும் தம்மை அந்நியராகக் கருதவில்லை. தாம் உரோமர் என்றே கூறினர். அவ்வாறாயின் 'உரோமன்' என்ற சொல்லின் பொருள் என்ன? அதற்குள் யார் சேர்க்கப்பட்டனர்? யார் வெளியே நிறுத்தப்பட்டனர்? இவற்றையே இப்பாடத்தில் நோக்கவிருக்கிறோம்.

1. உரோமர் தம் தோற்றம் பற்றிக் கூறிய கதைகள்

ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அறிய, அது தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் தோற்றக் கதையை முதலில் நோக்க வேண்டும். உரோமரிடம் இரண்டு முக்கிய கதைகள் இருந்தன.

முதலாவது ஏனியாஸ் பற்றிய கதை. ட்ரோய் நகரம் கிரேக்கரால் அழிக்கப்பட்டபோது அங்கிருந்து தப்பிக் கடல் கடந்து இத்தாலிக்கு வந்தவன் ஏனியாஸ். அவனது வழித்தோன்றல்களே உரோமர் என்பது இக்கதை. பேரரசன் ஒகஸ்டஸ் காலத்தில் கவிஞர் வேர்ஜில் இதனைப் பெருங்காவியமாகப் பாடினார்.

இரண்டாவது உரோமுலஸ் பற்றிய கதை. உரோம் நகரை நிறுவிய உரோமுலஸிடம் போதிய மக்கள் இருக்கவில்லை. ஆகவே கப்பிற்றோலியன் குன்றின் சரிவில் ஒரு புகலிடத்தைத் திறந்தான். அயல் ஊர்களிலிருந்து ஓடிவந்தோர் அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டனர். சுதந்திர மனிதரா, அடிமையா என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை என வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். பின்னர் அயலிலிருந்த சபைன் மக்களின் பெண்களை உரோமர் கவர்ந்து வந்தனர். அதனால் போர் மூண்டது. ஈற்றில் அப்பெண்களே இரு படைகளுக்கும் நடுவே புகுந்து சமாதானம் செய்தனர். இரு மக்களும் ஒன்றாயினர்.

நகரம் நிறுவப்பட்டதாகக் கூறப்படும் மரபுவழி ஆண்டு கி.மு. 753 ஆகும். இக்கதைகள் வரலாற்று உண்மைகள் என நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. தம் முன்னோர் அகதிகள், ஓடிவந்தோர், அயலவர் ஆகியோரின் கலப்பு என்று உரோமர் தாமே கூறினர்.

இதனைக் கிரேக்க நகரமான ஏதென்ஸுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதென்ஸ் மக்கள் தாம் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள், எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர் எனப் பெருமை பேசினர். கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தாலே பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தது. ஏதென்ஸ் குடியுரிமையைக் குறுக்கியது. உரோம் அதனை விரித்தது. இந்த ஒப்பீட்டை நன்கு மனதில் இருத்துங்கள்.

2. சட்டம் தந்த அடையாளம்: குடியுரிமை

உரோமன் என்ற அடையாளத்தின் மையம் குடியுரிமை ஆகும். இதனைப் பிரசாவுரிமை எனவும் கூறுவர். உரோமக் குடியுரிமை பெற்ற ஆண் ஒருவனுக்குப் பின்வரும் உரிமைகள் இருந்தன.

• குடியரசுக் காலத்தில் மக்கள் சபைகளில் வாக்களிக்கும் உரிமை
• பதவிகளுக்குப் போட்டியிடும் உரிமை
• உரோமச் சட்டப்படி செல்லுபடியாகும் திருமணம் செய்யும் உரிமை
• சட்டப்படி சொத்து வாங்கவும் விற்கவும் ஒப்பந்தம் செய்யவும் உரிமை
• அதிகாரிகளின் தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை
• தோகா எனப்படும் நீண்ட வெண்ணிற மேலாடையை அணியும் உரிமை

பெண்களும் குடிகளாகக் கருதப்பட்டனர். ஆயினும் அவர்களுக்கு வாக்குரிமையோ பதவி வகிக்கும் உரிமையோ இருக்கவில்லை. அடிமைகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

குடியுரிமையின் பெறுமதியை விளக்க விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. எருசலேமில் பவுலைச் சாட்டையால் அடிப்பதற்காகக் கட்டுகிறார்கள். அப்போது அவர் தாம் ஓர் உரோமக் குடிமகன் என்கிறார். உடனே எல்லோரும் பின்வாங்குகின்றனர். விசாரித்த படைத் தலைவன், தான் பெருந்தொகைப் பணம் கொடுத்தே இந்த உரிமையைப் பெற்றதாகக் கூறுகிறான். பவுலோ தாம் பிறப்பிலேயே குடிமகன் என்கிறார். பவுல் யூதர், இன்றைய துருக்கியிலுள்ள தர்சு நகரத்தவர். அவரைக் கட்டிய படைத் தலைவன் குடியுரிமையை விலைக்கு வாங்கியவன். இவ்விருவரும் உரோமரே. ஒருவர் ஒரே வேளையில் யூதராகவும் உரோமராகவும் இருக்க முடிந்தது என்பது இங்கு கவனிக்க வேண்டிய விடயமாகும்.

இதையே பேச்சாளர் சிசரோவும் தம்மைப் பற்றிக் கூறினார். அவர் உரோம் நகரத்தவர் அல்லர். ஆர்ப்பினம் என்னும் சிற்றூரில் கி.மு. 106இல் பிறந்தவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாயகங்கள் உண்டு, ஒன்று பிறப்பால் வந்தது, மற்றையது குடியுரிமையால் வந்தது என்பது அவரது கருத்து.

3. குடியுரிமை விரிந்த படிமுறை

இவ்வுரிமை ஒரே நாளில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கேட்டுப் பெற்றவர்கள் சிலர்; போரிட்டுப் பெற்றவர்கள் சிலர்; உழைத்துப் பெற்றவர்கள் சிலர்.

(அ) இத்தாலிய நேச மக்கள்: உரோமின் போர்களில் இவர்கள் தோளோடு தோள் நின்று போரிட்டனர். ஆனால் குடியுரிமை மறுக்கப்பட்டது. எனவே கி.மு. 91இல் கிளர்ந்தெழுந்தனர். இது நேச நாட்டவர் போர் எனப்படும். கி.மு. 90இல் இயற்றப்பட்ட யூலியன் சட்டம் உரோமுக்கு விசுவாசமாக இருந்த நேச மக்களுக்குக் குடியுரிமை வழங்கியது. பின்னர் இது ஏனைய இத்தாலியருக்கும் விரிந்தது.

(ஆ) விடுதலை பெற்ற அடிமைகள்: உரோமக் குடிமகன் ஒருவன் தன் அடிமையைச் சட்டப்படி விடுவித்தால் அந்த அடிமை குடியுரிமை பெறலாம். கிரேக்க நகரங்களில் இவ்வழக்கம் இருக்கவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப், லரிஸ்ஸா நகரத்தாருக்கு எழுதிய கடிதமொன்றில் உரோமரின் இவ்வழக்கத்தைப் புகழ்ந்து குறிப்பிட்டான். அக்கடிதம் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது.

(இ) துணைப்படை வீரர்கள்: மாகாணங்களிலிருந்து சேர்க்கப்பட்ட, குடியுரிமையற்ற வீரர்கள் 25 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சேவை செய்து ஓய்வு பெறும்போது குடியுரிமை பெற்றனர். இதற்குச் சான்றாக வெண்கலத் தகடுகள் வழங்கப்பட்டன. இத்தகைய தகடுகள் ஐரோப்பாவின் பல இடங்களிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

(ஈ) கோல் நாட்டுத் தலைவர்கள்: கி.பி. 48இல் பேரரசன் கிளோடியஸ், இன்றைய பிரான்சாகிய கோல் நாட்டின் தலைவர்களைச் செனற் சபையில் சேர்க்க விரும்பினார். செனற்றர் பலர் எதிர்த்தனர். "இவர்களின் முன்னோர் அலேசியாவில் யூலியஸ் சீசருக்கு எதிராகப் போரிட்டவர்கள்" என்பது அவர்களது வாதம். அலேசியாப் போர் நடந்தது கி.மு. 52இல், அதாவது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னராகும். கிளோடியஸ் உரோமின் வரலாற்றையே பதிலாகக் கூறினார். தம் குலத்தின் முன்னோர் சபைன் மக்களிடமிருந்து வந்தவர் என்றார். ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் போரில் வலிமை பெற்றிருந்தும் வீழ்ந்தது ஏன் எனக் கேட்டு, வென்ற மக்களை அந்நியராகவே ஒதுக்கி வைத்தமையே காரணம் என்றார். இப்பேச்சின் ஒரு பகுதி பொறிக்கப்பட்ட வெண்கலத் தகடு 1528இல் பிரான்சின் லியோன் நகரில் கிடைத்தது. வரலாற்றாசிரியர் டசிற்றஸும் இதனைப் பதிவு செய்துள்ளார்.

(உ) கரகல்லாவின் கட்டளை: கி.பி. 212இல் பேரரசன் கரகல்லா, பேரரசில் வாழ்ந்த ஏறத்தாழ எல்லாச் சுதந்திர மக்களுக்கும் குடியுரிமை வழங்கினார்.

தொகை எவ்வாறு பெருகியது என்பதையும் பாருங்கள். ஒகஸ்டஸ் தம் சாதனைகளைப் பொறித்த கல்வெட்டின்படி, கி.மு. 28இல் குடிகளின் தொகை 40 இலட்சத்து 63 ஆயிரம். கி.பி. 14இல் அது 49 இலட்சத்து 37 ஆயிரம்.

4. பிற மக்களை நோக்கிய விதம்

மாணவர்களே, இங்குதான் பலர் "பார்பாரியர்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றனர். அச்சொல் முதலில் உரோமருடையதன்று. கிரேக்கர் தம் மொழி பேசாதோரின் பேச்சு "பர், பர்" என்று ஒலிப்பதாகக் கருதி உருவாக்கிய சொல் அது. கிரேக்கரின் கண்ணுக்கு உரோமரும் பார்பாரியரே! உரோம நாடகாசிரியர் பிளௌட்டஸ், கிரேக்க நாடகத்தைத் தாம் பார்பாரிய மொழியில் பெயர்த்ததாக நகைச்சுவையாகக் கூறினார். அவர் குறித்த மொழி இலத்தீன். பின்னர் உரோமர் அதே சொல்லை எடுத்து மற்றவர்மீது சூட்டினர். உரோமர் எல்லா மக்களையும் ஒரே விதமாகக் கருதவுமில்லை.

கிரேக்கர்: இவர்களிடம் உரோமருக்கு மதிப்பும் வெறுப்பும் கலந்திருந்தன. உயர்குடிப் பிள்ளைகள் கிரேக்க மொழி கற்றனர். கிரேக்கச் சிற்பங்களைச் செல்வர்கள் வாங்கிக் குவித்தனர். மறுபுறத்தில் மூத்த கேட்டோ போன்றோர் கிரேக்க மருத்துவரை நம்ப வேண்டாமெனத் தம் மகனை எச்சரித்தனர். கிரேக்கர் தம்மைப் பார்பாரியர் என அழைப்பதையும் கேட்டோ மனக்கசப்போடு குறிப்பிட்டார். கி.மு. 161இல் தத்துவஞானிகளை நகரிலிருந்து வெளியேற்றவும் செனற் தீர்மானித்தது.

கார்த்தேஜ் மக்கள்: வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ், உரோமின் பெரும் போட்டியாளர். மூன்று போர்களின் பின் கி.மு. 146இல் உரோமர் அந்நகரை அழித்தனர். தம்மை வாக்குத் தவறாதவர் எனக் கருதிய உரோமர், வாக்குத் தவறுதலைக் "கார்த்தேஜியரின் நாணயம்" எனக் கேலி செய்தனர். பகைவரைப் பற்றி வென்றவர் எழுதியவையே நமக்கு எஞ்சியுள்ளன என்பதை இங்கு நினைவிற் கொள்க.

வடக்கு மக்கள்: கோல், ஜேர்மனிய, பிரித்தானிய மக்களை வீரமுள்ள, ஆனால் கட்டுப்பாடற்ற மக்கள் என உரோமர் வருணித்தனர். கட்டடக்கலை நூலாசிரியர் விற்றுருவியஸ் இதற்குக் காலநிலையைக் காரணம் காட்டினார். குளிர்நாட்டவர் துணிவுள்ளவர், அறிவில் மந்தமானவர். வெப்பநாட்டவர் கூர்மதியாளர், துணிவு குறைந்தவர். நடுவிலுள்ள இத்தாலியரே இரண்டும் உடையவர் என்றார். இத்தகைய விளக்கம் எழுதுபவரின் நாட்டையே நடுவில் வைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அதே வடக்கு மக்களை டசிற்றஸ் கி.பி. 98இல் எழுதிய ஜேர்மானியா என்னும் நூலில் வேறு விதமாகக் காட்டினார். அவர்களின் எளிமை, திருமண ஒழுக்கம் ஆகியவற்றைப் புகழ்ந்தார். உண்மையில் அவர் உரோமரின் ஆடம்பரத்தையே கண்டித்தார். பிறரைப் பற்றிய எழுத்து, எழுதுபவரைக் காட்டும் கண்ணாடியாகவும் அமைகிறது.

தப்ரபேன்: இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. கிரேக்கரும் உரோமரும் இலங்கையைத் தப்ரபேன் என அழைத்தனர். கி.பி. 77இல் வெளிவந்த தம் இயற்கை வரலாறு என்னும் நூலில் மூத்த பிளினி, கிளோடியஸ் காலத்தில் தப்ரபேனிலிருந்து நான்கு தூதுவர்கள் உரோமுக்கு வந்ததாக எழுதுகிறார். செங்கடல் வரி சேகரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் விடுதலை பெற்ற அடிமை காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு இத்தீவை அடைந்தான். அவனிடமிருந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும் நிறை ஒன்றாக இருப்பதைக் கண்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தான். அதன்பின்னரே தூதுவரை அனுப்பினான் என்கிறார் பிளினி. அத்தீவில் அடிமைகள் இல்லை, வழக்குகள் இல்லை, பிள்ளையில்லாத, சாந்தமான முதியவரையே மக்கள் மன்னராகத் தெரிவு செய்வர் எனவும் எழுதுகிறார்.

மகாவம்சம் கூறும் அநுராதபுர மன்னர் வரிசையோ பெரும்பாலும் தந்தை, மகன், சகோதரன் என்ற குடும்ப வாரிசு முறையில் அமைகிறது. ஆகவே பிளினி காட்டுவது உள்ளபடியான இலங்கையை அன்று. உரோமரிடம் இல்லாத நற்குணங்களைத் தொலைவிலுள்ள ஒரு நாட்டில் வைத்துப் பார்க்கும் எழுத்து அது. அருகிலுள்ள பகைவரை இகழ்தலும் தொலைவிலுள்ள அறியாதவரைப் புகழ்தலும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள் எனலாம்.

5. தெய்வங்களை ஏற்றுக்கொண்ட முறை

பிற மக்களின் தெய்வங்களை உரோமர் பெரும்பாலும் ஒழிக்கவில்லை. தம் தெய்வங்களோடு இணைத்தனர். பிரித்தானியாவின் பாத் நகர வெந்நீரூற்றில் வழிபடப்பட்ட சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வம் 'சூலிஸ் மினேர்வா' ஆனது. கி.மு. 204இல் சின்னாசியாவின் தாய்த் தெய்வமான சிபெலே அரச மரியாதையோடு உரோமுக்குக் கொண்டுவரப்பட்டாள். ஆனால் பேரரசின் அமைதிக்கு இடையூறு எனக் கருதியவற்றை உரோமர் ஒடுக்கினர். யூதரின் கிளர்ச்சியை அடக்கிய உரோமப் படை கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்தது.

6. மறுபக்கம்

இதுவரை கூறியவற்றை மட்டும் எழுதினால் உரோமர் மிகப் பரந்த மனம் கொண்டோர் என்ற எண்ணம் ஏற்படும். அது பாதி உண்மையே. பின்வருவனவற்றையும் எழுத வேண்டும்.

முதலாவதாக, உரோமராகும் வழி பெரும்பாலும் தோல்வியினூடாகவே தொடங்கியது. சீசரின் கோல் போரில் (கி.மு. 58 - 50) பத்து இலட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் பத்து இலட்சம் பேர் சிறைப்பட்டதாகவும் புளூட்டாக் எழுதுகிறார். இத்தொகை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆயினும் அழிவு பெரிது.

இரண்டாவதாக, விடுதலை பெற்ற அடிமை குடிமகனானான் என்று சொல்லும்போது, விடுதலை பெறாமலே இறந்த அடிமைகளை மறக்கக்கூடாது. சுரங்கங்களிலும் பெருந்தோட்டங்களிலும் உழைத்தோர் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவேயில்லை.

மூன்றாவதாக, குடியுரிமை பெற்றவரும் எப்போதும் சமமாக மதிக்கப்படவில்லை. சிரியரும் கிரேக்கரும் தம் நகரை நிரப்பிவிட்டதாகக் கவிஞர் ஜுவனல் எள்ளி நகையாடினார். கோல் மக்களுக்காகப் பேசிய அதே கிளோடியஸ், இலத்தீன் மொழி தெரியாத ஒருவரின் குடியுரிமையைப் பறித்தார் எனக் காசியஸ் டியோ கூறுகிறார்.

நான்காவதாக, கி.பி. 212ஆம் ஆண்டுக் கட்டளையின் நோக்கம் வரி வருமானத்தைப் பெருக்குவதே என்கிறார் அதே காசியஸ் டியோ. மேலும் எல்லோரும் குடிகளான காலத்தில் சட்டம் 'மேலோர்', 'கீழோர்' எனப் புதிய பிரிவைக் கையாண்டது. ஒரே குற்றத்துக்கு மேலோருக்கு இலேசான தண்டனையும் கீழோருக்குக் கொடிய தண்டனையும் வழங்கப்பட்டன. பழைய வேலி அகன்றபோது உள்ளே வேறொரு வேலி எழுந்தது.

சுருங்கக் கூறின், உரோமில் ஒரு கதவு இருந்தது. வேறு பல அரசுகளில் அப்படியொரு கதவே இருக்கவில்லை. ஆனால் அக்கதவின் திறப்பு எப்போதும் உரோமரின் கையிலேயே இருந்தது.

7. மூவரின் வாழ்க்கையிலிருந்து

சட்டங்களையும் ஆண்டுகளையும் படித்தால் மட்டும் போதாது. அக்காலத்தில் வாழ்ந்த மனிதருக்கு இது எப்படி இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆர்மினியஸ் ஜேர்மனியச் செருஸ்கி குலத்தவன். உரோமப் படையில் பணியாற்றி, குடியுரிமையும் குதிரைவீரர் வகுப்பு என்னும் உயர் நிலையும் பெற்றவன். அவனே கி.பி. 9இல் டியூட்டோபேர்க் காட்டில் மூன்று உரோமப் படையணிகளை அழித்தான். அவனுடைய சகோதரன் ஃபிளாவஸ் உரோமப் படையிலேயே இருந்தான். கி.பி. 16இல் வேசர் ஆற்றின் இரு கரைகளிலும் சகோதரர் இருவரும் எதிரெதிரே நின்று வாதிட்டதை டசிற்றஸ் எழுதுகிறார். போரில் ஒரு கண்ணை இழந்திருந்த ஃபிளாவஸ், உரோம் தந்த சம்பளத்தையும் விருதுகளையும் எடுத்துச் சொன்னான். ஆர்மினியஸ் அவற்றை அடிமைத்தனத்தின் மலிவான கூலி என இகழ்ந்து, தாய்நாட்டையும் தாயையும் நினைவூட்டினான். அவன் தன் பேச்சினிடையே இலத்தீன் சொற்களையும் கலந்தான். உரோமை எதிர்த்தவனின் நாவிலும் உரோம் இருந்தது.

மற்றொரு சான்று இங்கிலாந்தின் வடகிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் என்னும் இடத்திற் கிடைத்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல். அதில் ரெஜினா என்ற பெண்ணின் உருவம் உள்ளது. அவள் தென் பிரித்தானியாவின் கற்றுவெல்லௌனி குலத்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுவித்து மணந்தவன் பராத்தஸ். அவன் சிரியாவின் பல்மைரா நகரத்தவன். அவள் 30 வயதில் இறந்தாள். கல்லில் இலத்தீன் எழுத்துகள் உள்ளன. இலக்கணம் சற்றுப் பிசகியுள்ளது. அதன்கீழ் பல்மைரா மொழியில் ஒரு வரி உண்டு. ரெஜினாவின் பெயரையும் அவள் பராத்தஸால் விடுவிக்கப்பட்டவள் என்பதையும் கூறி, "ஐயோ" என்ற பொருளுடைய சொல்லுடன் அது முடிகிறது. ஊரார் படிப்பதற்கு இலத்தீனில் எழுதியவன், தன் துயரத்தைத் தாய்மொழியிற் கூறினான். பேரரசு தந்த பொது அடையாளமும் ஒருவரின் சொந்த அடையாளமும் ஒரே கல்லில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

8. பரீட்சைக்கான வழிகாட்டல்

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

• கி.மு. 753 - உரோம் நிறுவப்பட்டதாகக் கூறும் மரபுவழி ஆண்டு
• கி.மு. 146 - கார்த்தேஜ் அழிக்கப்பட்டமை
• கி.மு. 91 - நேச நாட்டவர் போர் ஆரம்பம்
• கி.மு. 90 - யூலியன் சட்டம்
• கி.பி. 9 - டியூட்டோபேர்க் காட்டுப் போர்
• கி.பி. 48 - கிளோடியஸின் செனற் பேச்சு
• கி.பி. 212 - கரகல்லாவின் குடியுரிமைக் கட்டளை

மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• 'உரோமர்' என்பதை ஓர் இனத்தின் பெயராக மட்டும் எழுதுதல்.
• 'பார்பாரியர்' என்ற சொல்லை உரோமர் உருவாக்கியதாக எழுதுதல்.
• கி.பி. 212இல் அடிமைகளும் குடியுரிமை பெற்றதாக எழுதுதல்.
• குடியுரிமை விரிந்ததை மட்டும் எழுதி, அதன் குறைபாடுகளை விட்டுவிடுதல்.

மாதிரி வினா

"உரோமர் என்பது பிறப்பினால் அன்றிச் சட்டத்தினால் அமைந்த அடையாளம்." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க.

மாதிரி விடை (சுருக்கம்)

உரோமர் தம் தோற்றக் கதைகளிலேயே தம்மைப் பல மக்களின் கலப்பாகக் காட்டினர். குடியுரிமை என்னும் சட்ட நிலையே உரோமன் ஒருவனை அடையாளப்படுத்தியது. கி.மு. 90இல் இத்தாலிய நேச மக்களுக்கும், பின்னர் மாகாணத்தவருக்கும், கி.பி. 212இல் ஏறத்தாழ எல்லாச் சுதந்திர மக்களுக்கும் அது விரிந்தது. விடுதலை பெற்ற அடிமைகளும் ஓய்வுபெற்ற துணைப்படை வீரர்களும் அதனைப் பெற்றனர். ஸ்பெயினில் பிறந்த ட்ராஜனும் ஆபிரிக்காவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸும் பேரரசராயினர். ஆகவே கூற்று பெருமளவு பொருத்தமானது. எனினும் குடிகளின் பிள்ளைகள் பிறப்பாலேயே இவ்வுரிமையைப் பெற்றனர். மொழி, உடை, ஒழுக்கம் ஆகியவையும் உரோமரை அடையாளம் காட்டப் பயன்பட்டன. பிற மக்கள் பற்றிய இகழ்ச்சியும், அடிமைமுறையும், மேலோர் கீழோர் வேறுபாடும் நீடித்தன. எனவே சட்டம் கதவைத் திறந்தாலும் சமூகம் எல்லோரையும் சமமாக வரவேற்கவில்லை எனக் கூறலாம்.

இவ்விடையில் கூற்றை ஏற்கும் பகுதி, அதற்கு வரையறை கூறும் பகுதி, முடிவு என மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். "ஆராய்க" என்று கேட்கப்படும் வினாவுக்கு இம்மூன்றும் அவசியம்.

பயிற்சி வினாக்கள்

1. உரோமக் குடிமகன் ஒருவன் அனுபவித்த உரிமைகள் நான்கினைக் குறிப்பிடுக.
2. குடியுரிமை தொடர்பில் ஏதென்ஸுக்கும் உரோமுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
3. பிளினி தப்ரபேன் பற்றிக் கூறியவற்றை வரலாற்று மூலாதாரமாகப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை யாவை?
4. ஆர்மினியஸ், ஃபிளாவஸ் ஆகிய இருவரில் யார் கூறியது சரியென நீர் கருதுகிறீர்? காரணம் தருக.

நான்காவது வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. இரு சகோதரரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். ஒருவன் கதவினூடாக உள்ளே சென்று அங்கேயே இருந்தான். மற்றவன் உள்ளே சென்று பார்த்துவிட்டு வெளியே வந்தான். அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதை இருவரின் பக்கத்திலும் நின்று எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் உங்கள் விடையை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். அப்போது இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டதா என்பது தெரியும்.